பேச்சியின் கையும் உன் படம் போட்ட நோட்டீசும்

துரைப்பாண்டி,

இந்தக் கடிதத்தில் வாழ்த்து எதுவும் இல்லை. நீ வெளிநாடு கிளம்ப இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, பிள்ளை போகிற நேரத்தில் மனசு நோக எழுதாதே என்று உன் அப்பா சொன்னார். லோடு ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவன் மனசு நோகணும்னுதானங்க எழுதுறேன்" என்றேன். ஒரே கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். போனில் பேசினால் நீ "சிக்னல் சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துத்தான் போட வேண்டும். அதற்கும் முதலில் கையில் வாங்க வேண்டும்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நான் வேலை பார்க்கிற அச்சகத்திலேயே அடித்து, ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பிலும் சாத்தூர் பஸ் நிலையத்திலும் நானே நின்று கொடுக்கப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன் படத்தைக் காட்டி ஊசி போடுகிற அந்த மையத்தின் பெயரை இதில் போடவில்லை. போட்டால் கேஸ் வரும் என்று அச்சக முதலாளி பயப்படுகிறார், அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள். ஆனால் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அதற்கு யாரிடமும் நான் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெயரை உனக்கு வைத்தவள் நான்.

நீ பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. தரைச்சக்கரப் பட்டாசு சுற்றுகிற அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்று கதவுக்கு மேலே பெயிண்டால் எழுதியிருந்தார்கள். உள்ளே நாங்கள் ஒன்பது பேர். எனக்கு வலப்பக்கம் பேச்சியம்மாள். உன் அப்பாவுக்குத் தங்கச்சி முறை, என்னை மதினி என்பாள், நீ அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தவன். பக்கத்து அறையில் முதலில் வெடித்தது. சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை, கதவு நிலை பிய்ந்து வந்ததுதான் ஞாபகம். அதன் முனை என் இடது தொடையில் ஒரு கை அளவு சதையை அள்ளிக்கொண்டு போனது. பேச்சிக்கு வலது கையில், முழங்கைக்குக் கீழே. எங்களோடு இருந்தவர்களில் இரண்டு பேர் வீடு திரும்பவில்லை.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் என்னை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். அவர் பின்னால் போர்மேன் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றிருந்தார். "அறையில எத்தன பேரும்மா இருந்தீங்க?" என்று அதிகாரி கேட்டார். நான் போர்மேன் முகத்தைப் பார்த்தேன். "நாலு பேருங்கய்யா" என்றேன். என் மருத்துவச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது, உன் படிப்புக்கும் ஏதோ செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். பதிவேட்டில் இருந்த நாலு பேரில் பேச்சி இல்லை. அதனால் அவளுக்கு அங்கே அடிபடவே இல்லை என்று ஆயிற்று. வீட்டில் அடுப்பு வெடித்துக் காயம் என்று அவள் சீட்டில் எழுதினார்கள். நீ தூக்குச்சட்டியோடு கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தாய். அதிகாரி போனதும் கேட்டாய். "ஏம்மா பொய் சொன்ன? அத்தை அங்கனதான கெடந்தாக? சத்தங் கேட்டு ஓடியாந்து நாந்தான பாத்தேன்?" நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ கொண்டுவந்த கஞ்சியை அன்றைக்கு நான் குடிக்கவில்லை. நீயும் எனக்கு ஊட்டவில்லை. அந்த வயதில் உனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்துதான், இந்தப் பயல் நம்மைப் போல ஆக மாட்டான் என்று படுக்கையில் கிடந்தபடி நினைத்துக்கொண்டேன்.

பேச்சி என்னைக் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தைகூட. கட்டுப் பிரித்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தாள். என் கால் நீளவில்லை, மடங்கவுமில்லை, வலிக்குப் பயந்து நான் அசைக்காமலே வைத்திருந்தேன். அவள்தான் திட்டித் திட்டி என்னை நடக்க வைத்தாள். அவள் கையும் அப்போது மரக்கட்டைதான். ஈரத் துணியைப் பிழிவாள், பிழிய வராது, மறுபடி பிழிவாள். கோதுமை மாவு பிசைவாள். சின்னத் தூக்கில் மணலை நிரப்பிக்கொண்டு தெருவில் நடப்பாள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நாலு வருஷம் அப்படிச் செய்தாள். நாலாம் வருஷம் அந்தக் கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். அப்புறம் தீப்பெட்டி லேபிள் ஒட்டுகிற வேலைக்குப் போனாள். முழுக்கை இல்லை, முக்கால் கை. ஆனாலும் அது அவள் சம்பாதித்த கை.

நீ விருதுநகரில் கல்லூரி முடித்தாய், மதுரையில் எம்.எஸ்ஸி. முடித்தாய், பெங்களூருக்கு ஆராய்ச்சி என்று போனாய். எலியின் காலில் ஊசி போட்டுச் சதையைக் கெடுத்து, அது எப்படி மறுபடி வளர்கிறது என்று பார்க்கிற வேலை என்றாய். "பாவம்டா, எலி" என்றேன். "உங் காலுக்காகத்தாம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? ஒரு பொங்கல் லீவில் வந்தபோது பேச்சியையும் என்னையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாய். ஒவ்வொரு தசை நாருக்கும் மேலே ஒரு உறை உண்டு, உறைக்கும் நாருக்கும் நடுவில் குருத்து மாதிரிச் சின்னச் சின்ன செல்கள் ஒட்டிக்கொண்டு தூங்கும், வருஷக்கணக்கில் தூங்கும் என்றாய். அவை சும்மா தூங்கவில்லை, எழுந்திருக்காதே என்று சுற்றியிருக்கிறவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் தூங்குகின்றன என்றாய். அடிபட்டால் அந்தப் பேச்சு நின்றுபோகும், வேறு பேச்சு ஆரம்பிக்கும். முதலில் ரத்தத்தில் இருந்து துப்புரவு செய்கிற செல்கள் வந்து செத்த சதையைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும். அவற்றின் சமிக்ஞையும் சேர்ந்துதான் குருத்துச் செல்களை எழுப்பிப் பெருக வைக்கும். பெருகியதில் ஒரு பங்கு ஒன்றோடொன்று சேர்ந்து புது நாராகும், இன்னொரு பங்கு அடுத்த முறைக்கு வேண்டும் என்று திரும்பப் போய்த் தூங்கும். எல்லாம் எழுந்து சதையாகிவிட்டால் இருப்பு தீர்ந்துபோகும், எதுவுமே எழாவிட்டால் காயம் ஆறாது, துப்புரவு முடிந்த பிறகும் வீக்கம் அடங்காமல் இருந்தால் சதை வர வேண்டிய இடத்தில் தழும்பு வந்துவிடும் என்று சொன்னாய்.

பேச்சி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப எங் கையில இப்பயும் அது இருக்கா, மருமகனே?" என்றாள். "இருக்கு அத்தை. மிச்சம் இருக்கிற சதையில இருக்கு. நீங்க துணி பிழிஞ்சீகள்ல, அந்த இழுவைதான் புது நாரு எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுச்சு. டாக்டரு பண்ணல, நீங்கதான் பண்ணீக" என்றாய். அவள் முகம் அன்றைக்குப் பூத்ததைப் போல நான் பார்த்ததில்லை. என் தொடையில் விரலை வைத்து, "இங்கன உறையோட சேத்துப் போயிருச்சும்மா. செல்லு வந்தாலும் எங்க போயி நிக்கிறதுன்னு அதுக்குத் தெரியாது, அதான் தழும்பு" என்றாய். வயசாக ஆக அந்தச் செல்கள் அடியோடு அழிந்துவிடுவதில்லை, அவற்றைக் கூப்பிடுகிற குரல்தான் தேய்ந்துபோகிறது என்றும் சொன்னாய். அப்போது நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஊசி வழியா அந்தச் செல்ல ஏத்தினா வளராதாடா?" நீ தலையை ஆட்டினாய். "எலியிலேயே ஏத்தினதுல முக்காவாசி செத்துருதும்மா. மனுசனுக்கு வர எம்புட்டு வருசம் ஆகும்னு யாருக்கும் தெரியாது. இப்ப ஒருத்தன் போடுறேன்னு சொன்னா அவன் பொய் சொல்றான்னு அர்த்தம்." இது உன் வாயால் சொன்னது. நம் வீட்டில், பேச்சி காபித் தண்ணி போட எழுந்து உள்ளே போயிருந்த நேரம், என்னிடம் மட்டும் சொன்னது. அவள் அதைக் கேட்கவில்லை.

போன வருஷம் உன் கல்லூரி சீனியர் ஒருவர் மதுரை ரோட்டில் அந்த மையத்தைத் திறந்தார். நீ வந்து பத்து நிமிஷம் பேசினாய். சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். நீ பேசியதில் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். எலியைப் பற்றித்தான் பேசினாய். ஆனால் கண்ணாடி அறையும் கட்டிலும் ஊசியும் தயாராக இருந்த இடத்தில் நின்று, ஸ்டெம் செல், அதாவது அந்தக் குருத்துச் செல், சதையை வளர்க்கிறது என்று பேசினாயே, கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் விரலோ கையோ காலோ கெட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் நடுவில் போய் நின்று பேசினாய்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. அந்த நோட்டீஸ் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. கால் கெட்டுப்போன பிறகு நான் அங்கே உட்கார்ந்து பிழை பார்க்கிற வேலை செய்கிறேன், இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள், எது வந்தாலும் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். முதலாளி சிரித்துக்கொண்டே வந்து ப்ரூஃபை என் மடியில் போட்டார். "அக்கா, யாரு படம்னு பாருங்க" என்றார். நீ, சால்வையோடு. கீழே பெரிய எழுத்தில், இழந்த தசை மூன்றே மாதத்தில் மீண்டும் வளரும் என்று இருந்தது. அதற்குக் கீழே உன் பெயர், உன் ஆலோசனையுடன் என்று. பொய் என்று எனக்குத் தெரியும், நீயே சொல்லியிருந்தாய். என் கண் அந்த வரியில் நிற்கவில்லை, துரை. உன் பெயரில் போய் நின்றது. துரைபாண்டி என்று போட்டிருந்தார்கள், நடுவில் ப் இல்லாமல். சிவப்பு மையால் அந்த ஒற்றைச் சேர்த்தேன். சரி பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்துப் பேச்சி வந்தாள். நோட்டீசை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். "மதினி, மருமகன் படம் போட்டிருக்காகளே, பாத்தீகளா? மூணு மாசத்துல முழுக்கை வந்துருமாமே! இடுப்பெலும்புல இருந்து எதையோ எடுத்துக் கையில போடுவாகளாம். போகலாமா? நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போகாத, பேச்சி. அவன் எங்கிட்ட வேற மாதிரி சொன்னான்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆகியிருக்குமா அதற்கு? ஆனால் அப்படிச் சொன்னால் நோட்டீசில் இருக்கிற என் மகன் பொய்யன் ஆகிவிடுவான். தெரு முழுக்கக் காட்டிய படம் அது. "அவன் படிச்சவன், பேச்சி. தெரியாமயா பேரப் போடுவான்?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். காதில் கிடந்த தோட்டை விற்றுத்தான் அங்கே போனாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இடுப்பில் துளை போட்டு எடுத்தார்கள். கையில் ஏழெட்டு இடத்தில் போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கவே கூடாது, செல் கலைந்துவிடும் என்று தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டார்கள். நாலு வருஷம் ஒரு நாள் விடாமல் துணி பிழிந்தவளை, அசைக்காதே என்றார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. செல் பிடிக்கிற சூடு, அப்படித்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பதினொன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது கை வீங்கித் தடியங்காய் போல இருந்தது. நாற்றம் வந்தது. உன் அப்பாவின் லோடு ஆட்டோவில் படுக்க வைத்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் கையைத் திறந்து சீழையும் செத்த சதையையும் வெட்டி எடுத்தார். உயிர் தப்பியது, கையும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதில் விரல் அசையவில்லை. மிச்சம் இருந்த சதையில்தான் அந்தச் செல்கள் இருக்கின்றன என்று நீதான் சொன்னாய். அந்த மிச்சத்தை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அன்றைக்கே உனக்குப் போன் பண்ணினேன். நீ பேசிய பேச்சுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம். "நான் ஊசி போடலையேம்மா. நான் பேசினது எல்லாம் சரியான விஷயம்தான். பேரைப் போட்டது எனக்கே அப்புறம்தான் தெரியும்" என்றாய். எப்போது தெரியும் என்று கேட்டேன். "ரெண்டு மாசம் முன்னாடி" என்றாய். பேச்சி அங்கே போய் அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை, துரை. அதற்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. "ஏன்டா அப்பவே எடுக்கச் சொல்லல?" என்றேன். "சீனியரும்மா. எனக்கு நெறைய ஒத்தாசை பண்ணவரு. இப்ப விசா நேரம், வம்பு வேண்டாம்னு பாத்தேன்." அப்புறம் சிக்னல் போய்விட்டது.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தேன். எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். ஆரஞ்சுப் பழப் பையைப் பார்த்து நான் நாலு பேர் என்று சொன்னேன். நீ விசாவைப் பார்த்து ஒன்றுமே சொல்லவில்லை. நான் பத்தாவது பெயிலானவள், கால் சதையைப் பறிகொடுத்துப் படுக்கையில் கிடந்தவள், பயந்தேன். உனக்கு என்ன பயம்? உனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறதே! இரண்டு தடவையும் பலியானது ஒரே மனுஷிதான். அந்த முதல் தடவை ஏன் பொய் சொன்னாய் என்று என்னைக் கேட்டவன் நீ. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உனக்காகத்தான் பொய் சொன்னேன். அது ஒரு நியாயம் என்று சொல்லவில்லை. உன்னை உட்கார வைத்துப் படிக்க வைக்க, இன்னொருத்தியின் காயத்தை இல்லை என்று சொன்னேன். நீ படித்த படிப்பில் அவள் கையும் கொஞ்சம் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லி வளர்த்திருக்க வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டேன். அதுதான் நான் உன்னை வளர்த்ததில் செய்த பெரிய தப்பு.

சதை எப்படி வளர்கிறது என்று நீ சொன்னதை ஆஸ்பத்திரியில் இருந்த இத்தனை நாளும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எழு என்று சொல்லவும் ஒன்று வேண்டும், போதும் என்று சொல்லவும் ஒன்று வேண்டும், இரண்டும் நேரத்துக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தழும்புதான் என்றாய். ஒரு எலியின் காலுக்குள் எது எப்போது என்ன சொல்கிறது என்று ஐந்து வருஷம் உட்கார்ந்து பார்த்தவன், உன் வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் "வேண்டாம், போகாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு போஸ்ட் கார்டு போதுமாக இருந்தது. நீ படித்த படிப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெரிய டாக்டரிடம் நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். "உங்க பையன் சொன்னது அத்தனையும் சரிம்மா, இதை அவன் வெளிய சொல்லியிருந்தா இவங்க இங்க வந்திருக்க மாட்டாங்க" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

போன திங்கட்கிழமை நான் அந்த மையத்துக்குப் போனேன். பஸ் படியில் என்னால் காலைத் தூக்கி வைக்க முடியாது, கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார். உள்ளே நாற்காலியில் பதினைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். காரியாபட்டியில் இருந்து ஒருவர், தறியில் தோள் போனவர். சாத்தூர்ப் பெண்கள் இரண்டு பேர், கையில் தீக்காயம். சுவரில் நீ, ஆள் உயரத்துக்கு. நான் அந்தப் படத்துக்குக் கீழே போய் நின்று சேலையைத் தொடை வரைக்கும் தூக்கிக் காட்டினேன். எனக்கு வெட்கமாக இல்லை. "இந்தப் படத்துல இருக்கிறவன் எம் மகன். பெத்த தாயோட இந்தக் காலப் பாத்துத்தான் அவன் இந்தப் படிப்புக்கே போனான். ஊசி போட்டா வளரும்னா மொதல்ல எனக்குப் போட்டிருக்க மாட்டானா?" என்றேன்.

காரியாபட்டிக்காரர் எழுந்து, "அப்ப எதுக்கும்மா உங்க மகன் படத்தப் போட விட்டாரு?" என்றார். நான் சேலையை இறக்கிவிட்டேன். மேனேஜர் ஓடி வந்து, போலீசைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடுங்க. அவுக வார வரைக்கும் இங்கனதான் இருப்பேன்" என்று உன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்தேன். சாத்தூர்ப் பெண்கள் முதலில் எழுந்து போனார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாலு பேர் போகவில்லை. அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். அந்த நாலு பேரும் உள்ளே போனதைப் பார்த்தேன். உன் படத்தை நம்பித்தான் போனார்கள், என் காலை நம்பவில்லை. போலீஸ் வரவில்லை. சாயந்திரம் பூட்டுகிற நேரத்தில் ஆள் விட்டு என்னை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை அச்சடிக்கிறேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெரிய வேலை இல்லை. அந்த ஊசியால் சதை வளராது, என் படத்தையும் பெயரையும் என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள், போட்டது தெரிந்தும் நான் சும்மா இருந்தேன் என்று தமிழில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடு. மூன்றாவது வரியை விட்டுவிடாதே, அதுதான் முக்கியம். பத்திரிகைக்கு ஒன்று, கலெக்டர் ஆபீசுக்கு ஒன்று, உன் சீனியருக்கு ஒன்று. விசா போனால் போகட்டும். போகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் போகும் என்றே வைத்துக்கொண்டு எழுது. நானும் என் பங்குக்கு எழுதிவிட்டேன். அறையில் ஒன்பது பேர் இருந்தோம், அதில் ஒருத்தி பேச்சியம்மாள் என்று தொழிற்சாலை ஆய்வு ஆபீசுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. இத்தனை வருஷம் கழித்து யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று உன் அப்பா கேட்டார். பார்க்காமல் போகலாம். நான் சொல்லிவிட்டேன்.

எழுதி முடித்ததும் ஊருக்கு வா. முதலில் என்னைப் பார்க்க வராதே. எனக்கு உன் மேல் கோபம் ஆறவில்லை, நீ கால் தொட்டுக் கும்பிட்டாலும் ஆறாது, அதற்கு நாள் ஆகும். நேராகப் பேச்சி வீட்டுக்குப் போ. நேற்று அவளிடம், துரை வந்தால் நாலு வார்த்தை நல்லா ஏசு என்று சொன்னேன். "மருமகன ஏசாதீக மதினி, அவுகளுக்கு என்ன தெரியும், எவனோ பேரப் போட்டுட்டான்" என்று என்னையே அதட்டினாள். உனக்குத் தெரியும் என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். உன் கடுதாசியை அவள் முன்னால் உட்கார்ந்து, முழுதும் வாசி. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, அதனால் ஒரு வரியைத் தாண்டிப் போனாலும் தெரியாது. ஆனால் அடுத்த நாள் நான் போய் வாசித்துக் காட்டுவேன்.

அவள் உன்னைத் திட்ட மாட்டாள். கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பாள், அப்புறம் எழுந்து போய் உனக்குக் காபி போடுவாள். டம்ளரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இடது கையால் ஆற்றுவாள், பாதி கீழே சிந்தும். நீ உதவிக்கு எழுந்திருக்காதே. உட்கார்ந்து பார். அவள் கொடுப்பதை வாங்கிக் குடி.

அம்மா